பழைய முகவரியின் நினைவு

நுழையும்முன்

கடை இடம் மாறினால் பழைய கடையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். சில நாள்களுக்கு ஓர் ஆள் அங்கே நின்று, வருவோருக்குப் புதிய இடத்தைக் காட்டுவதும் உண்டு. இணையத்தில் பிறருக்கு வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்ட கணினி இடம் மாறினால் அறிவிப்பை எங்கே ஒட்டுவது? யாரிடம் சொல்வது? எத்தனை நாள் காத்திருப்பது?

களமும் களப்பெயரும்

காங்கேயத்தில் 'களம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேங்காய் உலர்த்தும் களம். உடைத்த தேங்காய்கள் வெயிலில் காய்ந்து, அங்கேதான் கொப்பரையாகின்றன. கொப்பரை ஆலைக்குச் செல்கிறது. எண்ணெயோ வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் செல்கிறது. முன்பு அஞ்சலட்டையிலும் தந்தியிலும் வந்த கொள்முதல் ஆணைகள் இப்போது பெரிதும் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. அந்த மின்னஞ்சல் முகவரியில் '@' என்னும் குறிக்குப் பின்னே வரும் பகுதிக்கும் தமிழில் 'களப்பெயர்' என்றே பெயர் அமைந்திருக்கிறது. இரண்டு களங்களுக்கும் உறவில்லை. ஆயினும் இன்று ஒன்றில் காய்வது விலைபோக மற்றொன்றும் சீராக இயங்க வேண்டியிருக்கிறது.

கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகின்றன. 192.0.2.10 என்பது போன்ற எண் முகவரியே ஒரு கணினியின் இருப்பிடம். மனிதர் நினைவில் கொள்வதோ பெயரை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலைப்பின்னலில் பெயர்களையும் எண்களையும் இணைத்துக் காட்டும் ஒரே ஒரு கோப்பு இருந்தது. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதனைப் பேணியது. புதிய கணினி இணைந்தால் அங்கே தெரிவிக்க வேண்டும். ஏனையோர் அக்கோப்பின் புதிய படியை அவ்வப்போது எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இம்முறை திணறியது. 1983ஆம் ஆண்டில் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மோக்கபெட்ரிஸ், களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். ஒரே கோப்பு என்பதை விடுத்து, ஒவ்வொரு களத்தின் விவரத்தையும் அக்களத்திற்கு உரியவரே தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவ்வடிவமைப்பின் உயிர்நாடி. அவ்வாறு விவரத்தை வைத்திருந்து, கேட்போருக்கு விடை சொல்லும் கணினியே பெயர்ச் சேவையகம்.

வினா செல்லும் வழி

இராஜஸ்தானில் உள்ள வணிகர் ஒருவர் காங்கேயத்து ஆலைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் எனக் கொள்ளலாம். அவருக்காகத் தேடித் தரும் பொறுப்பு, அவருடைய இணைய இணைப்பை வழங்கும் நிறுவனத்தில் உள்ள ஒரு கணினியைச் சார்ந்தது. அதனைத் தேடல் சேவையகம் எனலாம். அது முதலில் மூலச் சேவையகத்தைக் கேட்கிறது. மூலச் சேவையகத்திற்கு ஆலையைத் தெரியாது; 'டாட் இன்' என முடியும் பெயர்களைக் கவனிப்பவர் யார் என்பது மட்டும் தெரியும். டாட் இன் சேவையகத்திற்கும் ஆலையின் முகவரி தெரியாது. ஆலையின் பெயர்ச் சேவையகம் எது என்பது தெரியும். மூன்றாவதாகக் கேட்கப்படும் அந்தப் பெயர்ச் சேவையகமே உண்மையான விடையைத் தருகிறது. ஊருக்குப் புதியவர் ஒருவர் மாவட்டத்தைக் கேட்டு, வட்டத்தைக் கேட்டு, தெருவைக் கேட்டு வீடு சேர்வதைப் போன்றது இது.

மூலச் சேவையகங்கள் 'ஏ' முதல் 'எம்' வரையிலான ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்ட 13 முகவரித் தொகுப்புகள். அவற்றை 12 அமைப்புகள் நடத்துகின்றன. ஒரே முகவரியைப் பல ஊர்களில் உள்ள கணினிகள் தாங்கி, அருகில் இருப்பது விடை சொல்லும் ஏற்பாடு உள்ளதால், உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவை இயங்குகின்றன. சென்னையிலும் உண்டு. எனவே கொங்கு நாட்டிலிருந்து எழும் வினா ஒவ்வொன்றும் கடல் கடந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் மூவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் இணையம் நகராது. ஆகவே தேடல் சேவையகம் கிடைத்த விடையை நினைவில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் விடை தருபவரே சொல்லிவிடுகிறார். இதற்கு ஆயுட்காலம் என்று பெயர். அது நொடிகளில் குறிக்கப்படும். 86400 என்றால் ஒரு நாள். அந்த நாள் முடியும்வரை தேடல் சேவையகம் மீண்டும் கேட்காது. பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும். இணையத்தின் வேகத்திற்குக் காரணமான இந்நினைவாற்றலே, முகவரி மாறும்போது இடையூறாகவும் நிற்கிறது.

ஒரு கணினி நிலையத்தின் இடமாற்றம்

காங்கேயத்தில் ஒரு சிறு கணினி நிலையம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். எண்ணெய் ஆலைகள், அரிசி ஆலைகள் என நாற்பது நிறுவனங்களின் இணையதளத்தையும் மின்னஞ்சலையும் அது கவனித்துக்கொள்கிறது. அதன் முதன்மைப் பெயர்ச் சேவையகம் காங்கேயத்திலும் துணைச் சேவையகம் கோயம்புத்தூரிலும் உள்ளன. முதன்மைச் சேவையகத்தில்தான் விவரங்கள் எழுதப்படும், திருத்தப்படும். துணைச் சேவையகம் அதிலிருந்து படியெடுத்துக்கொள்ளும். நிலையம் தன் இணைய இணைப்பை வேறு நிறுவனத்திற்கு மாற்றுகிறது. எண் முகவரிகள் பெரும்பாலும் இணைப்பை வழங்கும் நிறுவனத்தின் உடைமை. வாடகை வீட்டின் கதவிலக்கத்தைக் குடிபெயர்வோர் எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே 192.0.2.10 என்றிருந்த முதன்மைச் சேவையகம் 203.0.113.10 ஆக வேண்டும். (இவ்விரு எண்களும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, எவருடைய கணினிக்கும் உரியவை அல்ல.)

ஓர் எண்ணை அழித்து மற்றோர் எண்ணை எழுதுவதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த எண் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முதலாவது இடம், நிலையத்தின் சொந்தக் களக் கோப்பு. இரண்டாவது இடம், டாட் இன் சேவையகம். நிலையத்தின் பெயர்ச் சேவையகத்திற்கும் நிலையத்தின் களத்திற்குள்ளேயே பெயர் சூட்டப்பட்டிருக்கும். அப்பெயரின் எண்ணை அறிய அச்சேவையகத்தையே கேட்க வேண்டும். அதனைக் கேட்க அதன் எண் வேண்டும். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியதைப் போன்ற நிலை இது. இச்சிக்கலைத் தவிர்க்கவே, மேல்நிலையில் உள்ள டாட் இன் சேவையகம் பெயரோடு எண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறது. இதனை ஒட்டுப்பதிவு எனலாம். ஒட்டுப்பதிவை நிலையத்தார் தாமே திருத்த முடியாது. களப்பெயரைப் பதிவு செய்துகொடுத்த பதிவாளர் வழியாக விண்ணப்பித்து, டாட் இன் பதிவகத்தில் மாற்றச் செய்ய வேண்டும். சொந்தக் கோப்பைத் திருத்திவிட்டு மேலிடத்தை மறப்பதே இத்தொழிலில் எளிதில் நேரும் பிழை.

மூன்றாவது இடம் கோயம்புத்தூர்த் துணைச் சேவையகம். எந்த முகவரியிலிருந்து படியெடுக்க வேண்டும் என்பது அதன் அமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இதை மறந்தால் விளையும் கேடு உடனே தெரிவதில்லை. அதனால்தான் அது கொடியது. துணைச் சேவையகம் பழைய முகவரியைத் தட்டிப் பார்க்கும். விடை வராது. சிறிது நேரம் கழித்து மீண்டும் தட்டும். இதற்கிடையே கையில் உள்ள பழைய படியிலிருந்து எல்லாருக்கும் விடை சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாம் நலமாக நடப்பதாகவே தோன்றும். முதன்மைச் சேவையகத்தோடு தொடர்பே இல்லாமல் எத்தனை நாள் இவ்வாறு விடை சொல்லலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டு முதல் நான்கு வாரங்கள்வரை வைக்கலாம் என்பது 1996இல் வெளியான இணைய நெறிக்குறிப்பு ஒன்றின் பரிந்துரை. அந்த வரம்பு கடந்த நாளில் துணைச் சேவையகம் விடை சொல்வதையே நிறுத்திவிடும். முகவரி மாற்றத்தை எல்லாரும் மறந்துவிட்ட ஒரு காலைப் பொழுதில் இது நிகழும். காரணம் தேடுவோர் அன்று செய்த வேலைகளைத் துருவுவார்களே அன்றி, மூன்று வாரத்திற்கு முந்தைய வேலையை நினைக்க மாட்டார்கள்.

ஒரு நன்மையும் இங்கே உண்டு. நாற்பது ஆலைகளின் களப்பெயர்களும் நிலையத்தின் பெயர்ச் சேவையகத்தை எண்ணால் அன்றிப் பெயரால் சுட்டுகின்றன. எனவே நாற்பது இடங்களில் திருத்த வேண்டியதில்லை; அந்த ஒரு பெயரின் எண் சரியாக மாறினால் நாற்பதும் தாமே வழிக்கு வரும். தவறாக மாறினால் நாற்பதும் தடுமாறும்.

வரிசை முறை

அனுபவமுள்ளோர் இவ்வேலையை இடமாற்ற நாளுக்குப் பல நாள் முன்பே தொடங்குகின்றனர். முதற்பணி, பழைய எண்ணின் ஆயுட்காலத்தைக் குறைப்பது. ஒரு நாள் என்றிருப்பதை 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம் ஆக்குவர். இதை மாற்றத்திற்கு ஐந்து நிமிடம் முன்பு செய்து பயனில்லை. ஒரு நாள் நினைவில் வைத்துக்கொள் என்ற பழைய சொல்லைக் கேட்டுச் சென்றவர்கள், அந்த ஒரு நாள் முடிந்த பிறகே மறுபடி வந்து புதிய சொல்லைக் கேட்பர்.

அடுத்து, புதிய முகவரியில் ஒரு சேவையகத்தை நிறுவிப் பழையதன் விவரங்கள் முழுவதையும் அதில் ஏற்றுவர். இரண்டும் ஒரே வேளையில், ஒரே விடையைத் தர வேண்டும். புதிய இடத்தின் பாதுகாப்பு அரண், களப்பெயர் வினாக்களுக்குரிய 53ஆம் வாயிலைத் திறந்துவிட்டிருக்கிறதா என்பதை வெளியூரிலிருந்து கேட்டுச் சோதிப்பர். உள்ளேயிருந்து சோதித்து நிறைவடைவது, சொந்த வீட்டுக்குள் நின்று கதவு திறக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பின்னர்க் கோயம்புத்தூர்ச் சேவையகத்திற்குப் புதிய முகவரி சொல்லப்படும். அதன்பின் களக் கோப்பில் எண் மாற்றப்படும். அப்போது கோப்பின் வரிசை எண்ணையும் கூட்ட வேண்டும். துணைச் சேவையகம் கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்து ஒப்பிடுவதில்லை. வரிசை எண் கூடியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எண்ணைக் கூட்ட மறந்தால், திருத்தம் முழுவதும் சரியாக இருந்தும் காங்கேயத்தை விட்டு வெளியேறாது. அதே நாளில் பதிவாளர் வழியாக ஒட்டுப்பதிவையும் மாற்றுவர். அதன் ஆயுட்காலத்தை முடிவு செய்வது மேலிடம். நிலையத்தாரின் ஐந்து நிமிடம் அங்கே செல்லாது.

எஞ்சியிருப்பது காத்திருத்தல். பழைய சேவையகத்தை உடனே அணைத்தால், பழைய எண்ணை இன்னும் நினைவில் வைத்திருப்போர் மூடிய கதவை மோதுவர். அவர்களுள் பலர் கோயம்புத்தூர்ச் சேவையகத்தைக் கேட்டுப் பிழைத்துக்கொள்வர். துணை இல்லாத நிலையத்தில் அதற்கும் வழியில்லை. விடையே கிடைக்காவிட்டால் மின்னஞ்சல் அனுப்பும் கணினி மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள்வரை முயல்வதே மரபு. அதற்குள் சரிசெய்தால் கடிதம் தாமதமாகவேனும் சேரும். ஆனால் அரைகுறையாக ஏற்றப்பட்ட புதிய சேவையகம் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டால், கடிதம் அப்போதே திரும்பிவிடும். கொள்முதல் ஆணையை அனுப்பிய வணிகர், ஆலை மூடப்பட்டதோ என்று ஐயுற்று வேறோர் ஆலையை நாடக்கூடும். அந்த வகையில், பேசாதிருக்கும் சேவையகத்தை விடப் பிழையாகப் பேசும் சேவையகம் மிகுந்த இழப்பைத் தருகிறது.

தெரியுமா?

களப்பெயர்களை ஆங்கில எழுத்தில் மட்டுமே எழுத முடியும் என்ற நிலையை மாற்றுவதற்கான உலகச் சோதனை 2007இல் தொடங்கியது. அதற்கெனப் பதினோரு சோதனைக் களங்கள் மூலச் சேவையகங்களில் சேர்க்கப்பட்டன. தமிழுக்குரிய களம் '.பரிட்சை'. சோதனை முடிந்து 2013இல் அது நீக்கப்பட்டது. அதற்கு முன்பே .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய தமிழ்க் களங்கள் நிலைபெற்றுவிட்டன.

மூலமே இடம் மாறியபோது

காங்கேயத்து நிலையத்திற்கு மேலே டாட் இன் இருக்கிறது. முகவரி மாறினால் அங்கே சொல்லலாம். டாட் இன்னுக்கு மேலே மூலச் சேவையகம் இருக்கிறது. 2019இல் டாட் இன் களத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு அஃபிலியாஸ் நிறுவனத்திடமிருந்து நியூஸ்டார் நிறுவனத்திற்கு மாறியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்களுக்கு வழிகாட்டும் சேவையகங்கள் அனைத்தும் அப்போது வேறாயின. அச்செய்தியை மூலத்தில் பதிந்தால் போதுமானதாக இருந்தது. மூலச் சேவையகத்திற்கு மேலே எவரும் இல்லை. அதன் முகவரி மாறினால் யாரிடம் சொல்வது?

மூலச் சேவையகங்களின் எண்கள், தேடல் சேவையக மென்பொருளுடனேயே ஒரு குறிப்புக் கோப்பாக அனுப்பப்படுகின்றன. மென்பொருள் இயங்கத் தொடங்கியதும் அக்கோப்பில் உள்ள ஏதேனும் ஒரு மூலச் சேவையகத்திடம், இன்றைய பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது முறை. பதின்மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் மற்றவை சரியான பட்டியலைத் தந்துவிடும். ஆகவே மாற்றம் இயலாதது அன்று. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டுப் பின்னர் எவரும் தொடாத மென்பொருள்கள் உலகெங்கும் உள்ளன. அவை எல்லாம் முறைப்படி நடப்பதில்லை.

இதற்கு வியத்தகு சான்று 'ஜே' மூலச் சேவையகம். அது 'ஏ' சேவையகத்தின் அருகிலேயே, ஒரே வலைப்பின்னலில், 198.41.0.10 என்ற முகவரியில் இருந்தது. ஒரு வலைப்பின்னல் துண்டிக்கப்பட்டால் இரண்டு மூலங்கள் ஒருசேர மறையும் நிலை. அதனை மாற்ற, 2002 நவம்பரில் 'ஜே' 192.58.128.30 என்ற தனி முகவரிக்குச் சென்றது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2015இல், பழைய முகவரியை ஆராய்ந்தபோதும் அதை நாடி வினாக்கள் வந்துகொண்டே இருந்தன. மென்பொருளின் ஆயுட்காலம், பதிவின் ஆயுட்காலத்தை மதிப்பதில்லை போலும்.

பழைய முகவரிக்கு ஆள்கள் வந்துகொண்டே இருந்தால், அங்கே வேறொருவர் கடை விரிக்கலாம் அல்லவா? காங்கேயம் அருகே கண்ணபுரத்தில் சித்திரை மாதத்தில் கூடும் மாட்டுச்சந்தை புகழ்பெற்றது. அச்சந்தை வேறிடத்திற்கு மாறியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பழைய திடலுக்கே வந்து இறங்கும் வெளியூர் வணிகர் சிலராவது இருப்பர். அத்திடலில் ஒருவர் தாமாகவே பந்தல் போட்டு 'இதுவே சந்தை' என்று அமர்ந்தால், வந்தவர் எவ்வாறு அறிவார்?

இது வெறும் கற்பனை அன்று. 'எல்' மூலச் சேவையகத்தை நடத்தும் ஐகான் அமைப்பு, 2007 நவம்பர் 1 அன்று 198.32.64.12 என்ற முகவரியிலிருந்து 199.7.83.42 என்ற முகவரிக்கு அதனை மாற்றியது. பழைய எண் தொகுதி ஐகானுக்கு உரியதன்று, பிறருக்கு உரியது. ஆறு மாதம் இரு முகவரிகளிலும் சேவை நடந்தது. 2008 மே மாதத் தொடக்கத்தில் ஐகான் பழைய முகவரியில் சேவையை நிறுத்தியது. ஆனால் அம்முகவரியிலிருந்து விடைகள் வருவது நிற்கவில்லை. வேறு சிலர் அந்த எண் தொகுதியைத் தம்முடையதாக அறிவித்து, அங்கே மூலச் சேவையகம் போல இயங்கும் கணினிகளை வைத்திருந்தது அப்போதுதான் பரவலாக வெளிப்பட்டது. அவை பொய்யான விடை எதையும் தந்ததாக அறியப்படவில்லை. சில நாள்களில் அவையும் நிறுத்தப்பட்டன. விரும்பியிருந்தால் பொய் சொல்லியிருக்க முடியும் என்பதே இந்நிகழ்வின் அச்சம். விடையின் உண்மையைச் சோதிக்க அன்று மூலத்தில் எந்த முத்திரையும் இல்லை. 2010 ஜூலையில்தான் மூலத்தின் பதிவுகள் மறைக்குறியீட்டுக் கையொப்பத்துடன் வரத் தொடங்கின. விடை எந்த முகவரியிலிருந்து வந்தாலும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் தேடல் சேவையகம் போலியை இனங்காண அது வழிசெய்தது. சரிபார்க்காத தேடல் சேவையகத்திற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இடமாற்றத்தில் தேர்ந்தது 'பி' மூலச் சேவையகம். மோக்கபெட்ரிஸ் பணியாற்றிய அதே தகவல் அறிவியல் நிறுவனமே அதனை நடத்துகிறது. அது 2004, 2017, 2023 என மும்முறை எண் மாறியிருக்கிறது. கடைசி மாற்றம் 2023 நவம்பர் 27 அன்று நிகழ்ந்தது. புதிய எண் 170.247.170.2. எண் முகவரிகளை உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பகிர்ந்தளிக்கின்றன. இலத்தீன் அமெரிக்க, கரீபியப் பதிவகத்தின் எண் எதுவும் அதுவரை மூலச் சேவையகங்களில் இல்லை. எல்லா மூலங்களும் ஒருசில பதிவகங்களை மட்டும் நம்பியிருப்பது நன்றன்று என்னும் எண்ணத்தில், கலிபோர்னியாவில் உள்ள நிறுவனம் ஒன்று அவ்வட்டாரத்தின் எண்ணைப் பெற்றுக்கொண்டது. பழைய முகவரியிலும் குறைந்தது ஓராண்டு, 2024 நவம்பர் 27 வரை, சேவை தொடரும் என்று முன்னதாகவே அறிவித்தது.

பழைய வாயிலில் ஓர் ஆள்

காங்கேயத்து நிலையம் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பழைய இணைப்பிற்கு இன்னும் ஒரு மாத வாடகை கொடுத்து, பழைய சேவையகத்தை விழித்திருக்கச் செய்தால் போதும். அது தன்னிடம் வரும் வினாக்களைக் குறித்துவைக்கும். முதல் நாளில் பல்லாயிரம் வரும். மேலிடத்துப் பதிவின் ஆயுட்காலம் கடந்ததும் அவை மளமளவெனக் குறையும். அதன் பிறகும் வருபவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏதோ ஓர் ஆலையின் பழைய கணினியில் எவரோ எண்ணையே நேரடியாக எழுதிவைத்திருப்பது அப்போது தெரியவரும். அந்த ஆலையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடலாம். எங்கோ தொலைவில், பெயர் அறியாத ஊரில், ஒரு தேடல் சேவையகம் பழைய எண்ணையே கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குச் சொல்ல வழியில்லை. குறிப்பேட்டில் தெரிந்தவர் எவரும் எஞ்சாத நாளில், நிலையத்தார் பழைய கணினியை அணைத்து, 192.0.2.10 என்ற எண்ணை அதற்கு உரியவரிடம் திருப்பித் தருவர். அடுத்து அவ்வெண்ணைப் பெறுபவரின் வாயிலில், கொப்பரை எண்ணெய் விலை கேட்க வந்தவரின் வினா ஒன்று சில காலம் தட்டிக்கொண்டிருக்கக்கூடும்.